வாதாமரத்துல தொங்குன எஞ்சின்

எனக்குத் தெரியும். பழைய கார் கதைன்னு காதுல விழுந்ததும் எதுக்கு எல்லாரும் இப்படி முன்னால நகந்து உக்காருதியன்னு. பேய் வரணும். பின்சீட்டுல வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி உக்காந்திருக்கணும், ஓட்டுறவன் கண்ணாடியில பாத்து "யம்மோ"ன்னு அலறணும். அது இல்லைன்னா, துருப்பிடிச்ச காரைக் குடும்பமே சேந்து தேச்சு, பெயிண்டடிச்சு, கடைசியில கண்ணைத் துடைச்சுக்கிட்டே அதுல ஒரு ரவுண்டு போவணும். ரெண்டும் கிடையாது. இந்தக் கதையில வெள்ளையா வாரது சீட்டுல விரிச்ச துண்டு மட்டுந்தான். அலறுன பொம்பளை ஒருத்தி உண்டு. ஆனா அவ பேயில்லை, அலறுன நேரத்துல உயிரோடதான் இருந்தா. ஏமாத்தமா இருக்கா? எந்திரிச்சுப் போறவுக இப்பவே போயிரலாம். செருப்பை மட்டும் பாத்து மாட்டிட்டுப் போங்க.

பாளையங்கோட்டையில கரண்டாபீஸ்காரங்க சேந்து கட்டுன காலனி ஒண்ணு. அதுல கடைசி வீடு ஞானசிகாமணியோடது. வீடு வீடா ஏறி மீட்டர் ரீடிங் எடுத்து ரிட்டையரான மனுசன். காலனிக்கு சிகாமணி அண்ணாச்சி. அவருக்கு ஒரு அம்பாசிடர். மோர் நிறம். வாசல்ல வாதாமரம், வாதுமை மரந்தான், அதுக்கடியில நிக்கும். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்து, மத்தவுக கறிக்கொழம்புச் சோறு தின்னுட்டு கண்ணு சொருகிக் கெடக்கிற நேரத்துல, இவரு பழைய கைலியக் கட்டிக்கிட்டு வண்டிக்கு அடியில சாக்கை விரிச்சுப் படுத்தாருன்னா, பிளக்கைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பேன் பெல்ட்டைக் கட்டைவிரலால அமுக்கிப் பாத்து, ரேடியேட்டருக்கு வடிகட்டுன தண்ணி ஊத்தி, கிரீஸ் வைக்க வேண்டிய இடத்துக்கும் வச்சு வைக்க வேண்டாத இடத்துக்கும் வச்சு, பொழுது சாயையில மூஞ்சியெல்லாம் கரியா வெளிய வருவாரு. சம்சாரம் எஸ்தர் கமலம் ஜன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டுச் சொல்லும்: "எனக்குக் காய்ச்சல்னா நெத்தியத் தொட்டுப் பாக்க ஆளில்லை. அதுக்கு மட்டும் பானெட்டைத் தொட்டுத் தொட்டுப் பாக்கியளே, அத்தான்."

கார் நிக்கிற வீடுன்னா காலனி சும்மா விடுமா? "அண்ணாச்சி, பொண்ணு பாக்க வாராவ, ஜங்ஷன் வரைக்கும் போயி…" "அண்ணாச்சி, நம்ம வண்டிதான, ஒரு எட்டு திருச்செந்தூர்…" நம்ம வண்டி! அந்த வார்த்தை மட்டும் அண்ணாச்சிக்கு ஆவாது. ஆனா இல்லைன்னு சொல்லத் தெரியாத வாய் அவருக்கு. கைக்குத் தெரியும். வாய் பாட்டுக்கு "அதுக்கென்ன, தாராளமாப் போவோமே"ன்னு சிரிச்சுக்கிட்டே இருக்கும், கை பாட்டுக்கு பானெட்டைத் தூக்கி, தண்ணி இருக்கா ஆயில் இருக்கான்னு பாக்கிற மாதிரி உள்ள போயி, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரிச்சுக் குடுக்கிற மூடிய நெம்பி, அதுக்குள்ள உக்காந்திருக்கிற கட்டைவிரல் தண்டிச் சாமானை உருவிச் சட்டைப் பையில போட்டுட்டு வந்துரும். ரோட்டர்னு பேரு. செவப்பா இருக்கும், உச்சந்தலையில பித்தளைப் பட்டை. அது இல்லைன்னா வண்டி கர்ர்ர் கர்ர்ர்னு இருமும், ஸ்டார்ட் ஆவாது. "பாத்தியளா, நம்ம நேரம்," அப்படின்னு அண்ணாச்சி உதட்டைப் பிதுக்குவாரு. கேட்டு வந்தவுக அவருக்கே ஆறுதல் சொல்லிட்டுப் போவாவ. அவங்க தெரு திரும்புனதும் ரோட்டர் பழைய இடத்துக்குப் போயிரும். சில நாள் மறந்துரும். அப்பல்லாம் அழுக்குத் துணி எடுக்க வாற பிரமு, இஸ்திரி வண்டிக்காரி, மனசுல தோணுனதை நாக்குல வடிகட்டத் தெரியாதவ, "அண்ணாச்சி, பையில சாமான் கெடந்துச்சு, கல்லுல அடிச்சிருப்பேன், நல்ல காலம்"னு கொண்டாந்து குடுப்பா. "கரண்டு சாமான் தாயி"ன்னு வாங்கிக்கிடுவாரு.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமைதான். சீட்டுக்குப் புதுசா வெள்ளைத் துண்டு உறை தச்சுப் போட்டிருந்தாரு, பூத்துண்டு, பஞ்சு மாதிரி. கதவைத் தெறந்து வச்சு அழகு பாத்துக்கிட்டு நிக்காரு. எதுத்த வீட்டு நம்பிராஜன் வெறுங்காலோட ஓடி வாரான். பாத்திரக்கடையில சேல்ஸ்மேன் அவன். குடத்தை விரலால சுண்டி, சத்தத்தை வச்சே கீறல் இருக்கா இல்லையான்னு சொல்லிருவான். கல்யாணங் கட்டி ரொம்பக் காலம் கழிச்சு உண்டானவ அவன் பொண்டாட்டி முப்பிடாதி.

"அண்ணாச்சி, தண்ணிக்குடம் ஒடஞ்சிட்டு! ரத்தமும் போவுது. வண்டிய எடுங்கண்ணாச்சி."

"கூட்டிட்டு வாடே, கூட்டிட்டு வா. இதுக்கெல்லாம் கேக்கணுமா," அப்படின்னுச்சு வாய்.

நம்பிராஜன் திரும்பி ஓடுனான். அண்ணாச்சி சீட்டைப் பாத்தாரு. வெள்ளை. அம்புட்டுத்தான் பாத்தாரு. அதுக்குள்ள கை போயிட்டு வந்துட்டு.

ரெண்டு பொம்பளையள் தாங்கிக் கூட்டியாந்த முப்பிடாதி மரத்தடியில நிக்கா, அண்ணாச்சி சாவியத் திருப்புதாரு, கர்ர்ர். அவ அலறுதா, இவரு திருப்புதாரு, கர்ர்ர். "எஞ்சின் போயிட்டு போலடே," அப்படின்னாரு. நெத்தியில வேர்வை நெசமாவே ஊத்துச்சு. பெறவு ஆட்டோ தேடி, அதுவும் எங்கயோ சந்துக்குள்ள இருந்து வந்து, அதுல அவளைத் தூக்கி ஏத்துனது யாருன்னு நெனைக்கிய? சிகாமணி அண்ணாச்சிதான். ரெண்டு கையாலயும் பிள்ளையத் தூக்குற மாதிரித் தூக்கி ஏத்துனாரு, சட்டை முழுக்க ரத்தம். பெரியாஸ்பத்திரி வாசலுக்குப் போறதுக்கும் அவ மூச்சு நிக்கிறதுக்கும் சரியா இருந்துச்சு. உள்ள இருந்த பிள்ளையும் வெளிய வரல.

காரியமெல்லாம் முடிஞ்சு, மொட்டைத் தலையோட நம்பிராஜன் வாதாமரத்தடிக்கு வந்தான். கோவமில்லை. அழுகையுமில்லை. "எது அண்ணாச்சி போயிட்டு?"ன்னு மட்டும் கேட்டான். "எஞ்சின்ல எது? நான் அதைப் பாக்கணும்."

சொன்ன பொய்க்கு ஒரு சாமானாவது வேணும்லா? அண்ணாச்சி ஸ்பேனரை எடுத்தாரு. ஒரு குறையுமில்லாத, கும்முன்னு ஓடுற எஞ்சினைத் தெறந்தாரு. ஆரோக்கியமான ஆளை ஆபரேஷன் தியேட்டருல படுக்கப் போட்டு வயித்தைக் கிழிச்ச மாதிரி தெறந்து, மேல மூடிக்கு அடியில இருந்து ஒரு கேஸ்கட்டுத் தகடை உரிச்சு, "இதுதான்டே. கருகிட்டு," அப்படின்னாரு. நம்பிராஜன் அதை ரெண்டு கையாலயும் வாங்கிட்டுப் போயி, முப்பிடாதி போட்டோவுக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டுனான். நாலு ஓட்டை உள்ள தகடு. காலையில கடைக்குக் கெளம்பையில பொண்டாட்டிய ஒருதரம் பாப்பான், தகடைப் பாத்து "தூ"ன்னு துப்பிட்டுப் போவான். தகடு என்ன செய்யும்? தொங்கிக்கிட்டுக் கெடந்துச்சு.

அதோட விட்டானா? சாயந்திரம் சாயந்திரம் வந்து உக்காந்துக்கிட்டான். "அது ஒண்ணுதானா அண்ணாச்சி? கூட்டாளி வேற எதுவும் உண்டா?" அப்படின்னுட்டு ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் பாத்திரம் மாதிரி சுண்டிப் பாக்கான். பிஸ்டன். வால்வு. பேரிங். "இதுவா?" "இல்லைடே." "இதுவா?" "அதுவும் லேசா…" இப்படியே ஒவ்வொண்ணாக் கழண்டு, அண்ணாச்சி உயிரா வளத்த எஞ்சின் கடைசியில வெறுங்கூடாகி, செயின் கட்டி வாதாமரக் கொப்புல தொங்குச்சு. காலனியில வெயில்ல காய வச்ச மிளகாய்ச் சாக்கு மேல அதோட நெழல் விழுந்துச்சு.

அப்பதான் வண்டி போக ஆரம்பிச்சுது.

ஒரு காலையில ஹெட்கிளார்க் வீட்டு ஆச்சி குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு போயிட்டு. ஆட்டோ வாற வரைக்கும் சாஞ்சு இருக்கட்டுமேன்னு கார்ப் பின்சீட்டுல படுக்க வச்சாவ. கதவைச் சாத்துன ஒடனே வண்டி நகந்துச்சு. முன்னால ஆளில்லை, உள்ள எஞ்சினில்லை. அது மரத்துல தொங்குது. மார்க்கெட் வழியா, மாடு நின்ன இடத்துல நின்னு, சிக்னல்ல நின்னு, பெரியாஸ்பத்திரி வாசல்ல போயி நின்னுச்சு. ஆச்சிய எறக்குனதும் தானாத் திரும்பி வந்து மரத்தடியில ஒதுங்கிக்கிட்டு. "எப்படி ஆச்சி போச்சு?"ன்னு கேட்டதுக்கு ஆச்சி சொல்லுச்சு: "அலுங்காமப் போச்சு. மனுசன் ஓட்டுனாத்தான் பள்ளத்துல விடுதான்."

காலனி அதுக்கு மேல ஒண்ணும் ஆச்சரியப்படல. ஆச்சரியப்பட எங்க நேரம்? காய்ச்சக்காரன் ஏறுனான். சுகர்க்காரரு ஏறுனாரு. மாசமா இருக்கிற பொண்ணுவ ஏறுனாவ, ஏறுற ஒவ்வொருத்தியும் முப்பிடாதி பேரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விட்டுட்டு ஏறுனா. எங்க போவணும்னு சொன்னாலும், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் முறுக்குனாலும், வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் போச்சு. அதனால என்ன, ஆஸ்பத்திரி வாசல்ல பஸ் ஸ்டாப்பு இருக்குல்லா? திருச்செந்தூரு போறவன் அங்க எறங்கி பஸ் பிடிச்சான். காலேஜுப் பிள்ளையள் ஏறி உக்காந்து, அதுக்காக ஒப்புக்கு ஒரு இருமல் இருமுனாவ. நோயாளியளுக்கு இட்லி விக்கிறவ அண்டாவோட ஏறுனா. முன்சீட்டு யாருக்குன்னு சண்டை வந்து, ரத்தம் வாறவுகளுக்கு முன்சீட்டு, வராதவுகளுக்குப் பின்சீட்டுன்னு காலனிச் சங்கத்துல தீர்மானம் போட்டாவ.

டிராபிக் போலீஸ்காரரு ஒருத்தர் மறிச்சுப் பாத்தாரு. டிரைவர் இல்லை. பானெட்டைத் தூக்கிப் பாத்தாரு, உள்ள எஞ்சினும் இல்லை, ஒரு அணில் படுத்திருக்கு. கொஞ்ச நேரம் தொப்பியக் கழட்டித் தலையச் சொறிஞ்சாரு. "எஞ்சின் இல்லைன்னா இது வண்டியே இல்லை. வண்டி இல்லைன்னா நான் எதைப் பிடிக்க? போ, போ," அப்படின்னு கையக் காட்டிட்டாரு. சர்ச்சுல இருந்து சபை ஐயரு வந்து பானெட்டுல கை வச்சு ஜெபம் பண்ணுனாரு. சுடலைமாடன் கோயில் சாமியாடி வந்து நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்து, "எல்லாம் சிகாமணி மனசு"ன்னு ஒரே மாதிரி சொன்னாவ. அவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போன விசயம் அது ஒண்ணுதான்.

அந்த மனசுக்காரரு என்ன ஆனாருன்னு கேளுங்க. துண்டு! சாயந்திரம் வண்டி வந்து நின்னதும் கதவைத் தெறப்பாரு. வெள்ளைத் துண்டுல ரத்தம், வாந்தி, வெத்தலைச் சாறு, பிரசவக்காரியோட தண்ணி. எதுக்குப் பயந்து கைய நீட்டுனாரோ அது தெனமும் வீட்டுக்கு வந்துச்சு. உருவி உருவிப் பிரமு கிட்டக் குடுத்தாரு. அவ வெளுத்து, மடிச்சுக் கொண்டாந்து, "இந்தத் துண்டு செஞ்ச புண்ணியம் யாரும் செய்யல அண்ணாச்சி"ன்னு சொல்லையில அவரு சட்டைப் பையத் தடவிப் பாத்துக்கிடுவாரு. தெருவுல போனா பெரிய மனுசங்க கும்புடுதாவ. நம்பிராஜன் ஒருநா அண்ணாச்சி கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டான். எஸ்தர் கமலத்துக்குப் பெருமை தாங்கல. சர்ச்சுல முன்வரிசைக்கு நகந்துட்டு.

எல்லாத்தையும் தாங்கிரலாம். தாங்க முடியாத ஒண்ணை நம்பிராஜன்தான் கேட்டான். பிஸ்டனை மண்ணெண்ணெயில கழுவிக்கிட்டே, ரொம்பச் சாதாரணமா.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணு மட்டும் பிடிபடல."

"என்னடே?"

"எஞ்சினே இல்லாமப் போற வண்டி, எஞ்சின் இருக்கையில ஏன் போவல?"

அண்ணாச்சி ஸ்பேனரைக் கீழ வச்சாரு.

"கேஸ்கட்டு போனாத்தான் என்ன? எல்லாம் போன பெறகும் போவுதே," அப்படின்னான் நம்பிராஜன். "என் பொண்டாட்டிக்கு மட்டும் எதுக்கு நின்னுச்சு? நான் என்ன பாவம் செஞ்சேன் இந்த வண்டிக்கு? தெனமும் அதைத்தான் யோசிக்கேன்."

அந்தக் கேள்வி அதோட நிக்கல. இட்லிக்காரி கேட்டா. ஹெட்கிளார்க்கு கேட்டாரு. "அதானே?"ன்னு வண்டிக்குள்ள உக்காந்தவுக ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. அண்ணாச்சிக்குச் சோறு எறங்கல. வண்டி இப்படிப் போயிக்கிட்டே இருந்தா அந்தக் கேள்வியும் கூடவே போயிட்டு வரும். என்னைக்காவது ஒருநா பதிலையும் ஏத்திக்கிட்டு வந்துரும். அது நம்பிராஜன் காதுல விழுந்துட்டா? அவன் அடிப்பான், வெட்டுவான்னு இல்லை. அவன் ஒண்ணுமே சொல்லாம எதுத்த வீட்டுல இருந்து தெனமும் பாத்தாப் போதும். அதுக்குத்தான் பயந்தாரு. எஞ்சினை ஏத்தி, வண்டிய மத்த வண்டி மாதிரி ஆக்கிப்புட்டாத்தான் தப்பிக்க முடியும்.

காலனி விடல. "ஓடுற வண்டிய எதுக்கு அண்ணாச்சி ரிப்பேர் பண்ணுதிய?"ன்னு சங்கத்துல ஆளு வந்தாவ. "பெட்ரோலும் இல்லை, டிரைவரும் இல்லை, இதுக்கு மேல என்ன வேணும்?" அண்ணாச்சி பக்கம் நின்னது நம்பிராஜன் ஒருத்தந்தான். அவனுக்கு வேற கணக்கு. புதுக் கேஸ்கட்டு போட்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆயிட்டுன்னா, பழைய கேஸ்கட்டுதான் குத்தவாளின்னு உறுதியாயிரும். "அன்னைக்கே அந்தத் தகடை ஆத்துல விட்டுட்டு, நான் ராத்திரி தூங்கிருவேன் அண்ணாச்சி," அப்படின்னான். அவன் நிம்மதியும் இவரு நிம்மதியும் ஒரே சாவியில தொங்குச்சு.

ரெண்டு பேருமாச் சேந்து மாட்டுனாவ. வால்வு, பிஸ்டன், பேரிங்கு. அவன் ஒவ்வொண்ணையும் சுண்டிச் சுண்டிப் பாத்துக் குடுக்கான், இவரு வாங்கி வைக்காரு. கடைசியில எஞ்சினைச் செயின்ல எறக்கி உக்கார வச்சு, போல்ட்டு முறுக்கி, ஒயரெல்லாம் மாட்டி, ரோட்டரையும் நம்பிராஜனே தன் விரலால அமுக்கி உக்கார வச்சு மூடியப் போட்டான். ஞாயித்துக்கிழமை. கறிக்கொழம்பு நேரம். காலனி பூராவும் மரத்தடியில வந்து நிக்கு, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டு.

"ரேடியேட்டருக்குத் தண்ணி கொண்டாரேன்," அப்படின்னுட்டு நம்பிராஜன் வாளியோட குழாயடிக்குப் போனான். அந்த நேரம் பாத்து ஹெட்கிளார்க்கு லேசாத் தொண்டையக் கனைச்சாரு.

"சரி, ரிப்பேர் ஆயிட்டுன்னா இனி சொன்ன எடத்துக்குப் போவும்லா? நாளைக்கு எம் மக தூத்துக்குடியில இருந்து வாரா. நம்ம வண்டிதான…"

"அதுக்கென்ன, தாராளமா," அப்படின்னுச்சு அண்ணாச்சி வாய்.

நம்பிராஜன் தண்ணிய ஊத்திட்டு, கையக் கும்புட்டுக்கிட்டு வண்டிக்கு முன்னால நின்னான். அண்ணாச்சி சாவியத் திருப்புனாரு.

கர்ர்ர்.

மறுபடி திருப்புனாரு. கர்ர்ர். கர்ர்ர்.

நம்பிராஜன் கும்புட்ட கைய எறக்கல. தலைய மட்டும் சரிச்சு, குடத்தைச் சுண்டிட்டுக் காது குடுக்கிற மாதிரி நின்னான்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க. இதே சத்தந்தான்."

"எதுடே?"

"அன்னைக்கும் இதே சத்தந்தான். நான் மறப்பனா? முப்பிடாதி கத்துனதுக்கு ஊடால கேட்டது இதுதான். அப்ப கேஸ்கட்டு இல்லை அண்ணாச்சி. அந்தத் தகடு பாவம். அதைப் போயி நான் தெனமும் துப்புனேன்." சொல்லிக்கிட்டே பானெட்டுக்குள்ள குனிஞ்சான். மூடிய நெம்புனான். "ரோட்டர் எங்க? நான் இப்பத்தானே வச்சேன். என் கையால வச்சேன்."

அண்ணாச்சிக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. கை போயிட்டு வந்திருக்கு. அவரைக் கேக்காமலே போயிட்டு வந்திருக்கு. நெஞ்சுக்கு மேல, சட்டைப் பைக்குள்ள, கட்டைவிரல் தண்டிக்கு அது படுத்துக் கெடக்கு.

"கீழ விழுந்திருக்கும்," அப்படின்னாரு ஹெட்கிளார்க்கு. அம்புட்டுத்தான், காலனி மொத்தமும் தரையில எறங்கிட்டு. வாதா எலையக் கெளறுதாவ, டயருக்கு அடியில கைய விடுதாவ, எலுமிச்சம்பழத்தை நகத்திப் பாக்காவ. நம்பிராஜன் நாலு காலுல மண்ணைத் தடவிக்கிட்டே போறான். மொட்டைத் தலையில முடி குத்துக்குத்தா மொளைச்சிருக்கு. "கெடைச்சிரும் அண்ணாச்சி, விசனப்படாதிய, கெடைச்சிரும்"னு இவருக்கே ஆறுதல் சொல்லுதான். அண்ணாச்சியும் குனிஞ்சாரு. குனிஞ்சு, தேடுற மாதிரி எலைக்குள்ள ஒரு கைய விட்டு, இன்னொரு கையால பையத் தடவி, ரெண்டு விரலை உள்ள விட்டு அதைப் பிடிச்சும் பிடிச்சுட்டாரு. உருவிக் கீழ போட்டு, "இந்தா கெடக்குடே"ன்னு சொல்லணும். அவ்வளவுதான் வேணும்.

அப்பப் பாத்து, மடிச்ச வெள்ளைத் துண்டெல்லாம் தலையில அடுக்கிக்கிட்டு பிரமு வந்து நிக்கா.

"என்னத்தைத் தொலைச்சிய, இப்படி ஊரே தவழுது?"

"ஒரு சாமான்க்கா," அப்படின்னான் நம்பிராஜன், மண்ணுல இருந்து தலையத் தூக்கி. "கட்டைவிரல் தண்டி இருக்கும். செவப்பு. உச்சியில பித்தளை."

பிரமு சிரிச்சா.

"அட, அதுவா! அதுக்கா இந்தப் பாடு? அண்ணாச்சி சட்டைப் பையில பாரு, எப்பவும் அங்கதான கெடக்கும். முப்பிடாதிய ஆட்டோவுல தூக்கி வைக்கையில ரத்தமான சட்டை இருக்குல்லா, அதுலயும் அதான் கெடந்துச்சு. நான்லா கழுவி எடுத்துக் குடுத்தேன்."